பினியன் நட்டும் மீன் தராசும்

இந்த அத்தியாயம் முடிவதற்குள் நான் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று அறிவிக்கப் போகிறேன். மூவரும் குற்றமற்றவர்கள். அவர்களுள் ஒருவர் மனிதர்கூட அல்லர். ஒரு கிலோ கல்லுப்பு. வாசகர்கள் என்னை முந்திக்கொண்டு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் தயவுசெய்து அமைதி காக்க வேண்டும். என் உதவியாளர் மலர்க்கொடியின் ஏளனம் ஒன்றே எனக்குப் போதுமானது.

என் துப்பறியும் நிலையம் திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகில், ஒரு பஞ்சர் கடையின் மாடியில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி படிந்து, பெயர்ப்பலகையில் 'துப்பறியும்' என்ற சொல் மறைந்துபோயிற்று. 'நிலையம்' மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே படியேறி வருவோரில் பாதிப் பேர் பேருந்து நேரம் கேட்கத்தான் வருகிறார்கள். அன்று காலை வந்தவரிடமும் நான், "எண்ணூர் வண்டி இப்போதுதான் போயிற்று" என்றுதான் சொன்னேன்.

"வண்டி போகல அய்யா. என் வண்டி நின்னு போச்சு. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார் அவர்.

பெயர் ஆசீர்வாதம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். நெட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் கரையில் மீன் வாங்கிக் காசிமேட்டில் விற்கும் மொத்த வியாபாரி. வெள்ளைச் சட்டை அப்பழுக்கின்றி இருந்தது. விரல் நகங்களில் மட்டும் கறுப்புக் கிரீஸ்.

"குட்டியானை அய்யா, சின்ன லோடு வண்டி. பின் ஆக்சில்ல சத்தம் வந்துச்சு. ஒர்க்ஷாப்புல விட்டா வாரக்கணக்குல போட்டுருவான். நானே போன்ல வீடியோ பாத்து, வீட்டு முத்தத்துல வச்சுப் பிரிச்சு, புது பேரிங் போட்டுப் பூட்டுனேன். முதல் லோடு. எர்ணாவூர் தாண்டல, சக்கரம் இறுகி நின்னுட்டு. பேரிங் வெந்து நீலமாக் கெடக்கு."

பிறகு அவர் எனக்கு ஆக்சிலின் உள்ளுறுப்புகளை விளக்கினார். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். இயந்திரத்தின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பல்சக்கரத் தண்டுக்குப் பினியன் என்று பெயர். அது இரண்டு பேரிங்குகளின் நடுவே நிற்கிறது. முனையிலுள்ள நட்டை இறுக்கினால், இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய குழாய் ஒன்று சிறிது சிறிதாக நசுங்கி, பேரிங்குகளைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கிறது. இந்தப் பிடிமானத்துக்கு அவர்கள் மொழியில் 'பிரீலோடு'. பிடி குறைந்தால் தண்டு ஆடும். கூடினால் பேரிங் வெந்துபோகும். நசுங்கிய குழாயோ மறுபடி நிமிராது. ஆகவே தாண்டிவிட்டால் திரும்பி வர வழியில்லை. புதிதாகத் தொடங்க வேண்டும்.

"நான் வச்ச அளவு சுத்தம். ஒரு முடி அளவு கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார் ஆசீர்வாதம். "எனக்கப்புறம் எவனோ நட்டை இறுக்கியிருக்கான். எவன்னும் தெரியும். என் டிரைவர் செல்வம். ஒர்க்ஷாப்புக்குத்தான் விடணும்னு சண்டை போட்டான். 'நீங்க பண்ண வேலை தாங்காது'ன்னு மூஞ்சிக்கு நேரே சொன்னான். கேளுங்க, வழியில நிறுத்தி, மீனுக்குப் போடுற ஐஸை அள்ளி ஆக்சில் மேல வச்சிருக்கான்! அது சூடாகும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்குச் சாயங்காலம் வண்டி ஓனருங்க வாட்ஸ்அப் குரூப்புல அவன் படத்தைப் போட்டுருதேன்."

அந்தக் குழுவில் படம் வந்துவிட்டால், இராயபுரம் முதல் எண்ணூர் வரை செல்வத்தின் கையில் எவரும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். இதை நான் அறிவேன். ஆகவே நன்கு ஆராய்ந்தே முடிவு சொல்வதென்று உறுதி பூண்டேன். பின்பு நாற்காலியைவிட்டு எழாமலே சொன்னேன்: "ஐஸே சாட்சி. குற்றவாளி செல்வம்."

மூலையில் நாஸ்தா தின்றுகொண்டிருந்த மலர்க்கொடி தலைநிமிர்ந்தாள். நெட்டுக்குப்பத்துப் பெண், கரையில் மீன் ஏலம் கூவிய தொண்டை. மெதுவாகப் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்டு பேசுவது கீழே பஞ்சர் கடைக்குக் கேட்கும்.

"சேர உட்டு எழுந்துக்காமயே கேஸ முடிச்சுட்டியே வாத்தியாரே! போலீஸ்காரன்கூட ஜீப்ல ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டுதான் தப்பா புடிப்பான்."

நான் கனைத்துக்கொண்டேன். "அவசரப்படாதே. ஒரு குளத்தில் ஒரு கொக்கு இருந்தது. அது தன் காலாலேயே தண்ணீரின் ஆழத்தை அளந்துவந்தது. ஒவ்வோர் ஆண்டும்..."

"கொக்கு அங்கியே நிக்கட்டும். வா, வண்டியப் பாக்கலாம்."

என் கதைகளில் எதையும் அவள் பாதிக்கு மேல் கேட்டதில்லை. கூலியாக இரண்டு கிலோ வஞ்சிரம் என்று பேசிக்கொண்டு புறப்பட்டோம். வழியில் தௌசீஃபின் மளிகைக் கடையில் மலர்க்கொடி ஒரு கிலோ கல்லுப்புப் பொட்டலம் வாங்கினாள். அவள் சின்னம்மா நீலா கருவாடு போடுகிறாளாம். பொட்டலத்தைச் சுமக்கும் பொறுப்பு நிலையத்தின் தலைவரான என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆசீர்வாதத்தின் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, ஆக்சிலைக் கிடத்தியிருந்தார்கள். நடுவிலிருந்த பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். பினியன் நட்டை இன்னும் கழற்றவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே பேரிங்கின் உருளைகள் மயில்கழுத்து நிறத்தில் மின்னின. எரிந்த எண்ணெயின் வாடை மூக்கைத் துளைத்தது.

வெளிச்சுவர்மேல் ஒல்லியான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. அவர்தான் செல்வம்.

"நீதானே ஐஸ் வைத்தாய்?" என்று என் குரலில் இயன்ற அளவு இடி முழங்கக் கேட்டேன்.

"ஆமா, வச்சேன். பின்னாடி தீஞ்ச நாத்தம் வந்துச்சு. எறங்கி கைய வச்சேன், பொசுக்குன்னு சுட்டுடுச்சு. ஓனருக்குப் போன் பண்ணேன். 'புது பேரிங்கு அப்படித்தான் சூடாவும், ஓட்டு'ன்னாரு. நான் இன்னா பண்றது? கையில கீறது ஐஸு. வச்சேன்."

ஆசீர்வாதம் வேறு பக்கம் பார்த்தார்.

"மெய்யாலுமே போன் பண்ணானா?" என்றாள் மலர்க்கொடி.

"பண்ணான். அதனால என்ன? கெடுத்தவனே போன் பண்ண மாட்டானா?"

"ரைட்டு. கொலைகாரன்கூட ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுவான். ஆனா எவனும் நெஞ்சுல ஐஸ் வெச்சுப் பாக்க மாட்டான்."

அப்போதுதான் என் கழுகுக் கண்ணில் அது பட்டது. பினியன் நட்டின் மீதும் தண்டின் முனையின் மீதுமாகச் சேர்த்து, இளஞ்சிவப்பில் ஒரு கோடு. பெயின்ட் அன்று, நகப்பூச்சு! ஆக, இந்த நட்டருகே ஒரு பெண்ணின் கை வந்திருக்கிறது. அதே கணத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஆசீர்வாதத்தின் மனைவி ஜானட் காபித் தட்டோடு வந்தார். அவருடைய நகங்களில் அதே இளஞ்சிவப்பு. மூளைக்குள் எல்லாம் பளிச்சென்று பொருந்தின. நான் ஒரு விரலை உயர்த்தினேன்.

"அம்மையீர்! கணவரின் கைவேலையை நீங்கள் ஏன் கெடுத்தீர்கள்?"

ஜானட் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்; கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இவுக என் பாட்டிலைத் தூக்கிட்டுப் போயி மூடியத் திறந்தே போட்டு, மிச்சமெல்லாம் காஞ்சு போச்சு. நான்தான் புகார் கொடுக்கணும். எடுத்துக்கிடுவீங்களா?"

"நான்தான் அய்யா கோடு போட்டேன்" என்றார் ஆசீர்வாதம். "நட்டு பின்னால நகந்துச்சுன்னா கோடு விலகிக் காட்டிக் கொடுத்துரும்லா? வீடியோல அப்படித்தான் சொன்னான்."

மலர்க்கொடி குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி நட்டைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, கோடு இன்னா விலகியா கீது?"

விலகவில்லை. நட்டின் மேலிருந்த பாதியும் தண்டின் மேலிருந்த பாதியும், முகூர்த்த நேரத்து மாப்பிள்ளையும் பெண்ணும்போல நேராக ஒட்டி நின்றன. பூட்டிய பிறகு அந்த நட்டை எவரும் தொடவில்லை. என் முதல் குற்றவாளியும் இரண்டாம் குற்றவாளியும் ஒரே கோட்டில் விடுதலை பெற்றார்கள். சுவர்மேல் இருந்த செல்வம் மெல்ல மூச்சு விட்டார்.

"அப்படியானால் நீங்கள் பூட்டும்போதே அதிகமாக இறுகியிருக்க வேண்டும்" என்றேன் நான்.

ஆசீர்வாதத்தின் முகம் சிவந்தது. "அய்யா, நான் கண்மூடித்தனமா இறுக்கல. அளந்தேன்! அளவு தப்புன்னா சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். அளவு சரின்னா இவன்தான் வேற ஏதோ செஞ்சிருக்கான். பேரிங்ல மண்ணை அள்ளிப் போட்டானோ என்னவோ. சாயங்காலம் படம் போகத்தான் போகுது."

செல்வம் சுவரிலிருந்து இறங்கினார். செருப்பைத் தேடினார்.

"இரு, அண்ணாத்த" என்றாள் மலர்க்கொடி. "எப்படி அளந்தீங்கன்னு இவர காட்டச் சொல்லலாம்."

ஆசீர்வாதம் ஒரு நைலான் கயிற்றை எடுத்துப் பினியன் முனையிலிருந்த வட்டத்தில் சுற்றினார். கயிற்றின் நுனியைக் கொக்கித் தராசில் மாட்டினார். மேலே பிடி, கீழே கொக்கி, நடுவே சுருள்வில்லும் முள்ளும் கொண்ட தொங்கும் தராசு அது. கரையில் மீன் நிறுக்கும் தராசு. ஈர மணலிலும் உப்புக்காற்றிலும் மின்தராசு நீடிக்காது. ஆகவே கரையில் இன்னமும் இதுதான்.

"தராசைப் பிடிச்சு இழுக்கணும். தண்டு சுத்த ஆரம்பிக்கிறப்ப முள்ளு எங்க நிக்குதோ, அதான் பிரீலோடு. கொஞ்சம் இறுக்குவேன், இழுத்துப் பாப்பேன். மறுபடி கொஞ்சம், மறுபடி இழுப்பேன். வீடியோக்காரன் சொன்ன இடத்துல முள்ளு நின்னதும் கையை எடுத்துட்டேன். ஆளு தப்பு பண்ணலாம், இந்தத் தராசு பண்ணாது. என் மாமனார் யாவாரத்தை ஒப்படைச்சப்ப கூடவே கொடுத்தது."

குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. முறை சரி, கை நிதானமானது. நான் தோல்வியின் விளிம்பில் நின்றேன். அத்தகைய வேளைகளில் என் கைகள் சும்மா இருப்பதில்லை. சிந்தனை வயப்பட்டவனாக, சுமந்துவந்த உப்புப் பொட்டலத்தைத் தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கினேன்.

முள் ஒன்றை எட்டவில்லை. முக்காலில் நின்றது.

என் இரத்தம் கொதித்தது. ஒரு கிலோ என்று அச்சடித்துவிட்டு முக்கால் கிலோ உப்பா! துப்பறிவாளனிடமேயா! "இதோ வருகிறேன்" என்று கர்ஜித்துவிட்டு, பொட்டலத்தோடு தெருவில் இறங்கி நடந்தேன். பின்னால் மலர்க்கொடி கேட்பது காதில் விழுந்தது: "ஆக்சிலு கேஸு என்னாச்சு? இப்போ உப்பு கேஸா?"

தௌசீஃப் என் முழக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார். பின்பு பொட்டலத்தை வாங்கித் தம் மின்தராசில் வைத்தார். ஒரு கிலோ. எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். ஒரு கிலோ.

"என் தராசு மேல சந்தேகம்னா, முத்திரை போட்டது இதோ கீது, பாருங்க. எதுர்ல மருந்துக் கடையிலயும் போட்டுப் பாருங்க, சார். இல்ல, கோர்ட்டுக்குப் போறதுன்னாலும் சரி. உப்ப மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க, மழைல கரஞ்சுட்டா சாட்சி போயிடும்."

கடையிலிருந்த அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். மருந்துக் கடையிலும் நிறுத்தேன், ஒரு கிலோ. மூன்றாம் குற்றவாளியும் விடுதலை.

தலைகுனிந்து திரும்பும்போது, தனிமையில் ஆறுதலுக்காக என் கொக்கின் கதையை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு கொக்கு தன் காலால் குளத்தை அளந்தது. ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறிக்கொண்டே வந்தது. 'குளம் பெருகுகிறது' என்று அது மற்றப் பறவைகளுக்கெல்லாம் அறிவித்தது. குளமோ வற்றிக்கொண்டிருந்தது, கொக்குத்தான் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அளந்த காலை அளந்து பார்க்க அதற்குத் தோன்றவில்லை.

தெருவின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு லாரி ஒலியெழுப்பியது. இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு முறையாவது நானே காது கொடுத்துக் கேட்டிருந்தால், ஓர் ஓட்டுநரையும் ஒரு பெண்மணியையும் ஓர் உப்புப் பொட்டலத்தையும் அவமதித்திருக்க மாட்டேன்.

முற்றத்துக்குத் திரும்பியபோது ஆசீர்வாதம் கையில் கைபேசி இருந்தது. திரையில் செல்வத்தின் முகம்.

"அதை அனுப்பாதீர்கள்" என்றேன். உப்பை மீண்டும் கொக்கியில் மாட்டி, அவர் கண்ணெதிரே தூக்கினேன். "இது ஒரு கிலோ. இரண்டு கடைகளில் நிறுத்துவிட்டேன். உங்கள் முள் எங்கே நிற்கிறது?"

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உள்ளே எவரோ எப்போதோ முரட்டு வில் ஒன்றை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். இதன் முள்ளை ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், உள்ளபடியே அதைவிட அதிகமாக இழுக்க வேண்டும். வீடியோக்காரர் சொன்ன அளவை முள் தொட்டபோது, உங்கள் நட்டு அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. குழாய் நசுங்கிவிட்டது. பேரிங் வேகாமல் என்ன செய்யும்? நீங்கள் அளந்தது சரி, அய்யா. அளந்த கருவிதான் குறைத்துச் சொல்லும் கருவி."

பிறகு மலர்க்கொடி பேசினாள். வாழ்நாளில் முதல் முறையாக மெதுவாகப் பேசினாள்.

"வாத்தியாரே. இந்தத் தராசு குறைச்சுக் காட்டுதுன்னா... கரையில இதுல நிறுத்து வாங்குறது இவரு. விக்கிறது எங்க சின்னம்மா. முகத்துவாரத்துல பாதிப் பொம்பளைங்களும்தான்."

குறைத்துக் காட்டும் தராசு விற்பவனுக்கு ஆகாது, வாங்குபவனுக்கே ஆகும். இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைக் கண்டுபிடித்த பெருமையில் அதன் மறுபாதியை நான் கவனிக்கவே இல்லை.

ஆசீர்வாதம் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் பட்டது. "காசிமேட்டுல போட்டா எப்பவும் எடை கூடத்தான் நிக்கும். ஐஸ் தண்ணி குடிச்சு மீன் கனக்குதுன்னு நெனச்சேன்."

"ஏங்க, எடை கூடுற அளவுக்கா மீனு தண்ணி குடிக்கும்?" என்றார் ஜானட்.

அவர் தராசைப் பார்த்தார். "தெரியாதுன்னு சொன்னா பொய்யி. தெரிஞ்சுக்கிட வேண்டாம்னு இருந்துட்டேன். இருந்து இருந்து, இதைத் தவிர வேற எதுவும் சரி இல்லன்னு எனக்கே தோணிப் போச்சு. இல்லன்னா சொந்த வண்டிக்கே இதை வச்சு அளப்பேனா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் அவரை நான் முழுமையாக நம்பினேன். திருடன் தன் வீட்டுக்குப் போலிப் பூட்டை வாங்க மாட்டான்.

அவர் கைபேசியிலிருந்து படத்தை அழித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துச் செல்வத்திடம் நீட்டினார். செல்வம் வாங்கவில்லை.

"கரையில கூடைய மாட்டித் தூக்குறது நானு" என்றார் செல்வம். "என் தோளு ஒரு எடை சொல்லும், முள்ளு ஒரு எடை சொல்லும். தோளுதான் டபாய்க்குதுன்னு நெனச்சுகினு கீறேன். பொம்பளைங்க திட்டுறது உங்கள இல்ல ஓனரே, என்னைய. இந்தத் தராசோட அந்தக் கரைக்கு நான் இனிமே போவ மாட்டேன். சாவிய வேற எவனுக்காவது குடுங்க."

அன்று மாலைவரை அந்தச் சாவி ஆசீர்வாதத்தின் கையிலேயே இருந்ததாக ஜானட் பின்னர் சொன்னார். காபியும் குடிக்கவில்லையாம். பொழுது சாயும் முன் குழுவில் ஒரு செய்தி வந்தது. படம் இல்லை. 'வண்டி கெட்டது என் கைவேலையால். டிரைவர் செல்வம் மீது தவறில்லை. கரையில் என் தராசு தவறு. நாளை முதல் புதிது. ஆசீர்வாதம்.' அதைப் படித்ததும், கொக்கித் தராசு வைத்திருக்கும் வேறு சில வியாபாரிகள் ஏனோ அவசரமாகக் குழுவைவிட்டு விலகினார்கள் என்று மலர்க்கொடி எனக்குத் தெரிவித்தாள். அது அடுத்த வழக்காக இருக்கலாம். எவராவது கூலி தந்தால்.

ஆசீர்வாதம் புதுப் பேரிங்கும் புதுக் குழாயும் வாங்கி, அதே தார்ப்பாயில், புதுத் தராசால் அளந்து ஆக்சிலைப் பூட்டினார். செல்வம் எண்ணூர் வரை ஓட்டிப்போய், இறங்கி, ஆக்சில் மேல் உள்ளங்கையை வைத்தார். காபி டம்ளரின் சூடுதானாம். அதன்பிறகே சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கூலி வாங்க நெட்டுக்குப்பக் கரைக்குப் போனேன். இப்போது அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. முதல் கூடையை மாட்டும் முன் நீலா தன் உப்புப் பொட்டலத்தைக் கொக்கியில் மாட்டுவாள். முள் ஒன்றில் நின்றால்தான் மீன் ஏறும். ஆசீர்வாதம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நிற்பார். என் பழைய குற்றவாளி அந்தக் கரையில் நீதிபதியாகிவிட்டது.

செல்வம் எனக்காக ஒரு வஞ்சிரத்தை மாட்டித் தூக்கினார். முள் இரண்டைச் சற்றே தாண்டியது. அவர் மீனை இறக்கி, வால் பக்கம் ஒரு துண்டு நறுக்கி எடுத்துவிட்டு, மறுபடி தூக்கினார்.

மலர்க்கொடி என் தோளில் தட்டினாள். "பழைய தராசுல ரெண்டு காட்டுறதுக்குள்ள எவ்ளோ மீனு வந்திருக்கும் தெரியுமா? கூலிய வாங்கிகினு அப்பால துப்பு தொலக்கிருக்கணும் வாத்தியாரே!"

முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டில் நின்றது. ஒரு முடி அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.